மோரில் கலந்தது

இப்படி உக்காருங்க. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடுது, காலையில நான் அதுல உக்காந்து விழப் பாத்தேன். உங்களுக்கும் சர்க்கரைங்களா? ஓ, மாமியாருக்கா. பரவால்ல, டாக்டரம்மா நல்லாப் பாப்பாங்க. என்ன, ஒவ்வொருத்தர்கிட்டயும் நிதானமாப் பேசுவாங்க, அதனால லேட்டாகும்.

எங்கூட்டுக்காரரு அந்தக் கடைசி ரூம்ல இருக்காருங்க. பாதத்துல ஏதோ மிஷினை வச்சு உணர்ச்சி இருக்குதான்னு பாக்கறாங்க. அது முடிஞ்சதும் டாக்டரம்மாகிட்டப் போகணும். ரெண்டு பேரும் சேந்து வாங்கன்னுதான் சொல்லியிருக்காங்க. நான் வரலைன்னுட்டேன். நீங்களே போயிப் பேசுங்க, அது ஆம்பளைங்க சமாச்சாரம்னுட்டேன்.

தலையாட்டிட்டுப் போயிட்டாருங்க. இப்பெல்லாம் பேசறதே இல்ல.

நாமக்கல்லுங்க நாங்க. அவரு லாரிக்கு பாடி கட்டற பட்டறை வச்சிருக்காரு. சென்னியப்பன் பட்டறைன்னா பரமத்தி ரோட்டுல எல்லாத்துக்கும் தெரியும். நானு தீவன மில்லுக்குப் போறேன், கோழித் தீவனம். ஒரே பொண்ணு. அது கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்குது. அது போனதுக்கப்பறம் ஊட்டுல நாங்க ரெண்டே பேரு. பொண்ணு இருந்தவரைக்கும் எதுவும் தெரியலீங்க. அது போனதுக்கப்பறந்தான், ஒரு ஊட்டுக்குள்ள ரெண்டு பேரும் பேச்சு மூச்சில்லாமக் கெடக்கறோமேன்னு தெரிஞ்சுது.

சர்க்கரை அவருக்கு ரொம்ப வருசமா இருக்குதுங்க. மாத்திரை போடுவாரு, விட்டுருவாரு, மறுபடி போடுவாரு. பிரஷருக்கும் மாத்திரை. கால் எரியுது, ஏசி ஒத்துக்கலைன்னு சொல்லி ஹால்ல ஒரு கட்டில் வாங்கிப் போட்டாரு. அப்பறம் அங்கயேதான் தூக்கம்.

உங்களை எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்குத் தெரியாது. அதனாலதான் சொல்றனுங்க. சொந்தக்காரங்ககிட்ட வாயத் தொறக்க முடியுங்களா இதை.

கட்டில் வாங்கறதுக்கு முந்தி ஒரு நாள் பக்கத்துல வந்தாரு. அன்னைக்கு அவரால முடியலீங்க. எந்திரிச்சு கட்டில் ஓரத்துல தலையத் தொங்கப் போட்டு உக்காந்துட்டாரு. எனக்குப் பாக்கப் பொறுக்கல. முதுகுல கைய வச்சு, "விடுங்க மாமா, நமக்கென்ன சின்ன வயசா, இதெல்லாம் இல்லீன்னா என்ன கெட்டுப் போச்சு"ன்னேன். ஆறுதலாத்தானுங்க சொன்னேன். அதுக்கப்பறம்தான் கால் எரிச்சல், கட்டில், ஹாலு எல்லாம்.

நான் வயசாயிருச்சுன்னுதான் நெனச்சேன். அப்பறம் ஒருக்கா எங்கூரு ஆஸ்பத்திரியில சுவத்துல ஒட்டியிருந்ததைப் படிச்சுப் பாத்தேன். சர்க்கரை ரத்தக் குழாயைச் சுருக்கிரும், நரம்பைக் கெடுத்துரும், அதனால ஆம்பளைங்களுக்கு அந்தக் கொறை வரும், வெக்கப்படாம டாக்டர்கிட்டச் சொல்லுங்கன்னு எழுதியிருந்துச்சு. நான் படிக்கறதை அவரு பாத்துட்டாரு. "என்ன அங்க சினிமா போஸ்டரா ஒட்டியிருக்குது, வா போலாம்"னு முன்னாடி நடந்துட்டாரு. காதெல்லாம் சிவந்து போச்சுங்க மனுசனுக்கு.

அப்பத்தான் புரிஞ்சுது, இவரு இதை டாக்டர்கிட்டச் சொல்ல மாட்டாருன்னு. செத்தாலும் சொல்ல மாட்டாரு.

மில்லுல எனக்கு மருந்து ரூம்ல வேலைங்க. கோழித் தீவனத்துல மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு மட்டுமில்ல, அமினோ அமிலம்னு பவுடர் பவுடராச் சேப்பாங்க. லைசின், மெத்தியோனின், இப்படிப் பேரு. கறிக்கோழித் தீவனத்துக்கு ஆர்ஜினின்னு ஒண்ணு வரும். எடை போட்டுப் போட்டு எனக்கு வாசனையிலேயே தெரியும், அது சித்த மீன் கவிச்சியாட்டம் அடிக்கும். ஒரு நாள் மில்லுக்கு வர்ற கோழி டாக்டரு சூப்பர்வைசர்கிட்டப் பேசிட்டிருந்தாரு. "இது ரத்தக் குழாயை விரிச்சுக் குடுக்குமய்யா, அதனாலதான் குஞ்சுக்கு வயித்துல தண்ணி கோக்கறதில்ல. இதையே டப்பாவுல போட்டு ஜிம்மு கடையில விக்கறான். சர்க்கரைக்காரனெல்லாம் பொண்டாட்டிக்குத் தெரியாம வாங்கித் திங்கறான்"னாரு. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலீங்க.

சுவத்துல என்ன எழுதியிருந்துச்சு? ரத்தக் குழாய் சுருங்கிரும்னு. இது என்ன பண்ணுது? விரிச்சுக் குடுக்குது. அவ்வளவுதானுங்க எனக்குத் தெரிஞ்ச வைத்தியம்.

மில்லுல இருந்து முந்தானையில முடிஞ்சு கொண்டாந்தேன். அதுவும் ஒரு பாவந்தான், இல்லீங்கல. கடையில போயி நான் என்னன்னு கேக்கறதுங்க? அவருக்குன்னு வாங்கினா அவருக்கு மானம் போகும், எனக்குன்னு வாங்கவா முடியும்?

மத்தியானம் சாப்பாட்டுக்கு ரெண்டு பேரும் ஊட்டுக்கு வந்துருவோம், அவருக்கு மோரு வேணுங்க. அதுலதான் கலக்குனேன். பெருங்காயம், கொத்தமல்லி, பச்சை மொளகா எல்லாம் போட்டுக் கவிச்சி தெரியாமப் பண்ணிருவேன். ஒண்ணு மட்டும் மாத்த முடியல, அந்தப் பவுடரு மோரோட புளிப்பைத் தின்னுருது. "ஏம்புள்ள, நம்மூட்டு மோரு இப்பெல்லாம் புளிக்கவே மாட்டேங்குது"ம்பாரு. "ஒறை மாத்தியிருக்கேன் மாமா"ம்பேன். நல்லாருக்குன்னு இன்னொரு டம்ளர் வாங்கிக் குடிப்பாருங்க. என்னை நம்பித்தானே குடிச்சாரு. அந்தக் கையி கண்ணுக்குள்ளயே நிக்குது, டம்ளரை நீட்டற கையி.

எனக்கு அது வேணும்னு இல்லீங்க. அதை நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. அவரு வெசனத்துலயே கெடக்கறாரேன்னுதான். பட்டறையில வேலைக்காரங்களோட சிரிச்சுப் பேசற மனுசன் ஊட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழட்டற மாதிரி சிரிப்பையும் வெளிய கழட்டி வச்சுட்டு வர்றாரேன்னுதான். மத்தபடி எனக்கென்னங்க.

சித்திரையில ஆரம்பிச்சேன். ஆடி வந்துருச்சு. மாத்தம் ஏதும் இருக்கற மாதிரித் தெரியல. அவரு ஹால்ல, நானு உள்ள. நிறுத்திரலாமான்னு கூட நெனச்சேன். ஆனா கலக்கிக் கலக்கிப் பழகிருச்சுங்க. அது ஒண்ணுதான் நான் அவருக்குன்னு செய்யற காரியம் மாதிரி ஆயிப் போச்சு.

அன்னைக்கு ஞாயித்துக்கெழமை. சொந்தத்துல ஒரு காதுகுத்து, சேந்தமங்கலத்துல. போயிட்டு மத்தியானம் திரும்பினோம். வர்ற வழியில அவரு ஒரு மாதிரி கலகலன்னு வந்தாருங்க. கார்ல பாட்டுக் கூடப் போட்டாரு. ஊட்டுக்கு வந்ததும், "வெயிலு ஓவரா இருக்குது, ஏசியப் போடு, நானும் உள்ளயே படுத்துக்கறேன்"னாரு. கால் எரியாதாங்கன்னு கேட்டேன். "ஒரு நாளைக்கு எரிஞ்சாப் பாத்துக்கலாம்"னு சிரிச்சாரு.

நான் பட்டுச்சேலையைக் கூட மாத்தாம அடுப்படிக்குப் போயி மோரைக் கலக்குனேன். எப்பவும் போடறதை விட அன்னைக்குக் கொஞ்சம் கூடப் போட்டனுங்க. இதையும் சொல்லிர்றேன். கூடத்தான் போட்டேன். ஏன்னு கேக்காதீங்க.

குடிச்சாரு. கொஞ்ச நேரம் பொண்ணைப் பத்திப் பேசிட்டிருந்தோம். அப்பறம் என் கையப் புடிச்சாரு. "மைனா"ன்னாரு. மைனாவதிங்க என் பேரு. கல்யாணமான புதுசுல அப்படித்தான் கூப்பிடுவாரு, அப்பறம் பொண்ணு பொறந்ததும் ஏம்புள்ள, இந்தாபுள்ளன்னு ஆயிப் போச்சு.

அவ்வளவுதாங்க. கைய விட்டாரு. என்னமோ கிறுகிறுங்குதுன்னு எந்திரிச்சாரு. ரெண்டு எட்டு வச்சிருப்பாரு, பீரோவுல சாஞ்சு அப்படியே சரிஞ்சுட்டாரு. மூஞ்சி சுண்ணாம்பாட்டம் வெளுத்துருச்சு, ஒடம்பெல்லாம் வேர்வை. சர்க்கரை எறங்கிருச்சுன்னு நெனச்சு வாயில சர்க்கரையக் கொட்டினேன். முழுங்கவே இல்ல. அவரோட அண்ணன் பக்கத்துத் தெருவுதான், அவருக்குப் போன் பண்ணி, ரெண்டு பேருமாத் தூக்கிக் கார்ல போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பிரஷர் அடிமட்டத்துக்குப் போயிருச்சுன்னாங்க. கையில ஊசி குத்தி பாட்டில் மாட்டினாங்க. காலைத் தூக்கி வச்சாங்க. இசிஜியில ஏதோ கொஞ்சம் சரியில்ல, நெஞ்சுக் கோளாறா இருக்கலாம்னு ஒரு டாக்டர் சொன்னாரு. நான் சுவத்தைப் புடிச்சுட்டு நின்னேன். என் சேலை பூரா அவரு வாயில இருந்து வழிஞ்ச சர்க்கரை. எறும்பு வந்துரும் போல இருந்துச்சு.

கண்ணு முழிச்சதும் என்னை மட்டும் கிட்டக் கூப்பிட்டாரு. "மைனா, நான் ஒரு மாத்திரை போட்டேன். ராசிபுரத்துல ஒரு மெடிக்கல்ல வாங்கினேன், ஆம்பளைங்க போடறது. டாக்டர்கிட்ட மட்டும் சொல்லு. அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்"னாரு. சொல்லும்போது என் மூஞ்சியப் பாக்கலீங்க. மேல சுத்தற ஃபேனைப் பாத்துச் சொன்னாரு.

எனக்கு எப்படி இருந்திருக்கும், நெனச்சுப் பாருங்க. அவரு ஒரு பக்கம் எனக்குத் தெரியாம மாத்திரை. நானு ஒரு பக்கம் அவருக்குத் தெரியாம பவுடரு. ஒரே ஊட்டுக்குள்ள, ஒரே காரியத்துக்கு.

டாக்டர்கிட்டப் போயி மாத்திரையைச் சொன்னேன். அவரு யோசிச்சாரு. "அந்த மாத்திரை பிரஷரைக் கொறைக்குந்தான். ஆனா ஒரே மாத்திரைக்கு இவ்வளவு எறங்காதே. வேற ஏதாச்சும் சாப்பிட்டாரா? லேகியம், பவுடர், நாட்டு மருந்து? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா"ன்னாரு.

இல்லீங்கன்னுட்டேன்.

பவுடருன்னே கேட்டாருங்க. பேரைச் சொல்லியே கேட்டாரு. இல்லீங்கன்னு சொல்லிட்டேன். பக்கத்துல அவரோட அண்ணன் வந்து நிக்கறாரு, நர்ஸுங்க நிக்கறாங்க. கோழிக்குப் போடறதை எடுத்துப் புருசனுக்குப் போட்டேன்னு சொல்லட்டுமா? எதுக்குப் போட்டேன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?

அப்படின்னா இருதயத்தைப் பாத்தே ஆகணும்னு சொல்லிட்டாங்க. சேலத்துல ஆஞ்சியோ பண்றதுக்கு அடுத்த வாரம் நாள் குடுத்தாங்க.

அந்த ஒரு வாரம் இருக்குதுங்களே. அதைத்தான் என்னால மறக்க முடியல. ஊட்டுக்கு வந்ததும் அவரு பட்டறைக்குப் போகல. தனக்கு இருதயம் போயிருச்சுன்னே முடிவு பண்ணிட்டாரு. பொண்ணுக்குப் போன் பண்ணி நல்லாப் படி சாமி, அம்மாவைப் பாத்துக்கன்னு சொல்றாரு. அது என்னப்பா, ஏம்ப்பான்னு அழுகுது. நான் கஞ்சி கொண்டுபோயிக் குடுத்தா என் கையப் புடிச்சுக்கிட்டு, "இந்த வயசுல எனக்கு இந்தப் புத்தி எதுக்குன்னு தெரியல. உன்னைய நடுத்தெருவுல நிறுத்தப் பாத்தேனே. என்னை மன்னிச்சுரு"ன்னு கண்ணுல தண்ணி உடறாரு. பட்டறையில அத்தனை பேரை அதட்டற மனுசங்க.

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "போனாப் போகுது, உடுங்க"ன்னேன். மன்னிச்சுட்டனாம். நானு, அவரை. அவரு நிம்மதியாக் கஞ்சியக் குடிச்சாரு. அந்தப் பாவம் என்னை என்ன பண்ணும்னு நீங்களே சொல்லுங்க. மிச்சமிருந்த பவுடரை அன்னைக்கே சாக்கடையில கொட்டிட்டேன். டப்பாவைக் கழுவிக் கழுவி வச்சேன், கவிச்சி போகவே இல்ல.

நாளைக்குச் சொல்லிரலாம், நாளைக்குச் சொல்லிரலாம்னு தள்ளிட்டே போனேன். சேலத்துல ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. பச்சைத் துணியக் குடுத்து மாத்திக்கச் சொன்னாங்க. கையில ரோமத்தை எல்லாம் வழிச்சுட்டாங்க, அது வழியாத்தான் ஒயரை உள்ள உடுவாங்களாம். அந்தப் பச்சைத் துணியில அவரு கட்டில்ல உக்காந்திருக்காரு. முதுகுல நாடா கட்டத் தெரியாமத் தடவறாரு. நான் போயிக் கட்டினேன். என்னால பொறுக்க முடியலீங்க. ஒண்ணுமில்லாத நெஞ்சுக்குள்ள என்னால ஒயரை உடப் போறாங்களே.

முதுகுக்குப் பின்னால நின்னுட்டே சொன்னேன். "மாமா, உங்க மோருல நான் ஒண்ணு கலந்துட்டிருந்தேன்."

என்னன்னாரு. சொன்னேன். மில்லு, கோழி டாக்டரு, முந்தானை, ஒறை மாத்தினேன்னு சொன்னது, அன்னைக்குக் கூடப் போட்டது, டாக்டர்கிட்டப் பொய் சொன்னது, ஒண்ணு விடாமச் சொன்னேன். அடிச்சாலும் அடிக்கட்டும்னு சொன்னேன். ஒரு நாளும் அடிச்சதில்ல, அன்னைக்கு அடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும்.

"கோழிக்குப் போடறதா?"ன்னாரு.

"ஆமாங்க."

"அதான் மோரு புளிக்கலையா."

அப்பறம் சிரிச்சாருங்க. சத்தமில்லாம, தோளு மட்டும் குலுங்குது. அழுகறாரோன்னு எட்டிப் பாத்தேன், சிரிக்கத்தான் செய்யறாரு. "சித்திரையில இருந்தா?"ன்னு திரும்பக் கேட்டாரு. ஆமான்னேன். என் பக்கம் திரும்பி, என்னையவே பாத்தாரு. ரொம்ப வருசத்துக்கு அப்பறம் அப்படிப் பாத்தாருங்க. மெதுவா, யாருக்கும் கேக்காத மாதிரி, "அப்ப உனக்கும் மனசு இருந்துச்சா மைனா?"ன்னு கேட்டாரு.

எனக்குக் கூச்சமாப் போச்சுங்க. திரைக்கு அந்தப் பக்கம் நர்ஸ் நிக்குது, வயசுப் பொண்ணு. "சே, எனக்கெதுக்குங்க அதெல்லாம். உங்களைப் பாக்கப் பாவமா இருந்துச்சு, அதான் போட்டேன்"னேன்.

அவரு மூஞ்சியில இருந்த சிரிப்பு போச்சு. "ம். பாவம் பாத்துப் போட்டிருக்கே"ன்னாரு. அவ்வளவுதான். திரும்பி உக்காந்துட்டாரு.

அப்பறம் அவரே டாக்டரைக் கூப்பிட்டு எல்லாத்தையும் சொன்னாரு. என்னைக் காட்டிக் குடுக்கல, தானே ஜிம்மு கடையில வாங்கிச் சாப்பிட்டதாச் சொன்னாரு. டாக்டர் சத்தம் போட்டாரு. பிரஷர் மாத்திரை ஒரு பக்கம் எறக்குது, அந்த மாத்திரை ஒரு பக்கம், அந்தப் பவுடர் ஒரு பக்கம், மூணும் சேந்து குழாயெல்லாம் விரிஞ்சு போனா மனுசன் நிப்பானாய்யான்னாரு. அளவு தெரியாம, கேக்காமக் கொள்ளாம எதையும் திங்காதீங்கன்னாரு. ஆஞ்சியோவை நிறுத்திட்டு, மிஷின்ல நடக்க விட்டுப் பாத்தாங்க, எக்கோ எடுத்தாங்க. நெஞ்சு நல்லாருக்குதுன்னாங்க. சர்க்கரையக் கட்டுப்படுத்துங்க, இதுக்குன்னு முறையா வைத்தியம் இருக்குது, ரெண்டு பேரும் சேந்து போயிப் பாருங்கன்னு சொல்லி இந்த டாக்டரம்மாகிட்ட அனுப்பினாங்க.

நான் செஞ்ச தப்பையும் அவரே ஏத்துக்கிட்டாரு பாத்தீங்களா. அது வேற என்னை அறுக்குது.

நெஞ்சு நல்லாருக்குதுன்னு தெரிஞ்சா மனுசன் சந்தோசப்படணுமில்லீங்க? இல்ல. பட்டறைக்குப் போறாரு, வர்றாரு. ஹால்லயே படுத்துக்கறாரு. மோரு வேண்டாம்னுட்டாரு. சரி, அது நியாயந்தான், என்னை நம்பி இனி எப்படிக் குடிப்பாரு. அந்தக் கோவந்தான்னு நெனச்சுக் கால்ல விழாத குறையாக் கேட்டேன், "பவுடரு போட்டதுக்குத்தான கோவம்"னு. "அதுக்கு எனக்குக் கோவமே இல்ல புள்ள"ங்கறாரு. பின்ன எதுக்குங்க? நான்தான் உண்மையெல்லாம் சொல்லிட்டனே. பாவம் பாத்துப் போட்டேன்னு சொன்னேன். கட்டின புருசன் மேல பாவம் பாக்கறது ஒரு தப்புங்களா? இதுதான் எனக்கு விளங்கலீங்க. ராத்திரி பகல் இதே நெனப்பு.

என்னங்க கேட்டீங்க?

எனக்கு மனசு இருந்துச்சான்னா?

இப்படி ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லீங்க. கேட்டாலும் பொம்பளை என்னன்னு சொல்றது. நீங்க சொல்லுவீங்களா?

அன்னைக்குக் கையப் புடிச்சுக் கூப்பிட்டாருன்னு சொன்னனே. அதுக்கப்பறம் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரி, பாட்டிலு, எல்லாம் ஆச்சு. அதுக்கு நடுவுல, அவரு உசுரு ஊசலாடும்போது, இன்னும் கொஞ்ச நேரம் கையப் புடிச்சிருந்தா என்னன்னு ஒரு நெனப்பு ஓடுச்சுங்க எனக்கு. எவ்வளவு கேடு கெட்டவள்னு பாருங்க. அதை யாருகிட்டச் சொல்ல முடியும்.

ஆமாங்க. இருந்துச்சு. எனக்கும் இருந்துச்சுங்க. ஹால்ல கட்டில் போட்ட அன்னையில இருந்து இருந்துச்சு.

அவருகிட்டப் போயி அது பாவம் பாத்துப் போட்டதில்லைன்னு நான் எப்படிங்க சொல்றது? அன்னைக்கு அவரு கேட்டாரு, நான் இல்லீன்னுட்டேன். இனிமே அவரு கேக்க மாட்டாரு. அந்த மனுசன் ஒரு தடவைக்கு மேல எதையும் கேக்க மாட்டாருங்க.

அதோ, மிஷின் ரூம்ல இருந்து வந்துட்டாரு. அந்த நீலச் சட்டை. பாத்தீங்களா, நான் எங்க உக்காந்திருக்கேன்னு தேடக் கூட இல்ல. நேரா டாக்டரம்மா ரூமுக்கே போறாரு.

இந்தப் பையைச் சித்தெப் பாத்துக்கங்க.

மாமா. இருங்க, நானும் வர்றேன்.